இரவில் மேலெழும் கடல்

கடலின் தரை ஒவ்வொரு மாலையும் மேலே எழுந்து வருகிறது என்றால் நம்புவீர்களா? இரண்டாம் உலகப் போரின்போது ஏறக்குறைய அப்படித்தான் தோன்றியது. 1942ஆம் ஆண்டு, நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறிவதற்காக அமெரிக்க ஆய்வாளர்கள் கலிபோர்னியக் கரைக்கு அப்பால் கடலுக்குள் ஒலி அலைகளைச் செலுத்தினார்கள். ஏறத்தாழ 300 மீட்டர் ஆழத்திலிருந்தே எதிரொலி திரும்பி வந்தது. உண்மையான தரையோ அதற்கும் வெகு கீழே இருந்தது. 1945இல் ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிறுவனத்தின் மார்ட்டின் ஜான்சன் இதற்கு விடை கண்டார். அந்தப் 'போலித் தரை' மாலையில் மேலேறியது, விடியலில் கீழிறங்கியது. அப்படியானால் அது உயிருள்ள கூட்டம்தானே!

அக்கூட்டத்தில் சிறு மீன்கள் உண்டு. அவற்றோடு அரிசி மணியைவிடச் சிறிய கோபிபாடுகளும், நம் கடற்கரை மக்கள் அறிந்த கூனி இறாலைப் போன்ற கிரில்களும் உண்டு. நீரோட்டத்தோடு மிதந்து செல்வதால் இச்சிற்றுயிர்களை மிதவை உயிரிகள் என்கிறோம். ஆனால் மேலும் கீழுமாக இவை நீந்தும் தூரம் நம்மை வியக்க வைக்கிறது. 2 மில்லிமீட்டர் நீளமுள்ள ஓர் உயிரி 200 மீட்டர் ஏறுவது, தன் உடலைப்போல் ஒரு லட்சம் மடங்கு தூரத்தைக் கடப்பதாகும். அதுவும் ஒரே இரவில், போகவும் வரவும்!

ஏன் இந்த அலைச்சல்? உணவு மேற்பரப்பில் இருக்கிறது. பகலில் அங்கே வந்தால் மீன்களின் கண்ணில் பட்டுவிடும். எனவே இருட்டியபின் வந்து உண்டு, விடியுமுன் ஆழத்திற்குத் திரும்புகின்றன. மேலே உண்டதைக் கீழே கழிவாக விடுவதால், கரியும் ஆழ்கடலுக்குப் போய்ச் சேருகிறது.

இவற்றுக்கு ஒளிதான் முக்கிய அடையாளம். சூரிய கிரகணத்தின்போது பகலிலேயே மேலே வரத் தொடங்கியதைக் கண்டிருக்கிறார்கள். சூரியனே உதிக்காத ஆர்க்டிக் குளிர்காலத்தில் இவை நிலவைப் பார்த்து ஏறி இறங்குவதை 2016இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

அந்த இருளுக்குள்தான் இப்போது நம் விளக்குகள் நுழைந்திருக்கின்றன. கப்பலின் சாதாரண வேலை விளக்குகளே 200 மீட்டர் ஆழம்வரை மீன்களையும் மிதவை உயிரிகளையும் இடம்பெயரச் செய்வதாக 2020இல் வெளியான ஆர்க்டிக் ஆய்வு கூறுகிறது. இத்தனை மீன் பிடிக்கலாம் என்று முடிவு செய்வதற்காக மீன்வளத்தைக் கணக்கெடுக்கும் கப்பல்களும் விளக்கோடுதான் செல்கின்றன. எண்ண வேண்டியவை விளக்கைக் கண்டு விலகிவிட்டால் அந்தக் கணக்கை எப்படி நம்புவது? பனி உருக உருக, அங்கே போகும் கப்பல்களும் பெருகி வருகின்றன.