வஹாகோட்டைக்கு வந்து சேர்ந்தவர்கள்

கண்டியிலிருந்து அக்குறணை வழியாக மாத்தளைக்குப் போய், அங்கிருந்து கலேவெலப் பக்கம் சென்றால் வஹாகோட்டை வரும். அந்தோனியார் கோவிலுக்குப் பெயர்போன கிராமம். அங்குள்ள கத்தோலிக்கரின் முன்னோரும் எம்மைப் போல இடம்பெயர்ந்தவர்களே.

1656இல் ஒல்லாந்தர் கொழும்பைப் பிடித்தபோது, போர்த்துக்கேயக் குடும்பங்கள் பல கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனிடம் அடைக்கலம் தேடின. மன்னன் அவர்களை றுவன்வெல்லையில் குடியேற்றினான். பிற்காலத்தில் அங்கிருந்தும் கிளம்பி வஹாகோட்டைக்கு வந்தனர் என்பது வழிவழி வந்த செய்தி. அவர்களுடைய மொழி மறைந்துவிட்டது. இன்று அவ்வூரார் பேசுவது சிங்களம். ஆனால் செபம் மறையவில்லை. அது எப்படி?

1687இல் யாழ்ப்பாணம் வந்து, 1692இல் கண்டிக்குப் போன யோசேவ் வாஸ் அடிகளார் (2015இல் புனிதரானவர்) ஊரூராக மூப்பரையும் அண்ணாவியையும் ஏற்படுத்தினார். குருவானவர் வராத மாதங்களில் செபம் சொல்லிக்கொடுப்பதும், சாகக் கிடப்பவர் அருகில் நிற்பதும் அண்ணாவியார் பொறுப்பு. அடிகளாரின் வழிவந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் சிங்களத்திலும் தமிழிலும் நூல்கள் எழுதினார். தவக்காலத்தில் நாம் பாடும் வியாகுல பிரசங்கமும் அவருடையதே. 1740களில் கண்டியிலிருந்து குருமார் வெளியேற்றப்பட்ட பின்னர் வஹாகோட்டையைத் தாங்கியவர்கள் இந்த ஊர்ப் பெரியவர்கள்தாம்.

போர்த்துக்கேயரின் சுவடு எமது அடுப்படியிலும் உண்டு. பாண், வின்னகிரி, கோப்பை எல்லாம் அவர்கள் பாஷைச் சொற்களே. வன்னித் தோட்டங்களில் நாம் நட்ட மிளகாய்கூட மெக்சிக்கோ பக்கத்துப் பயிர். அவர்களுடைய கப்பல்களில் இக்கரைக்கு வந்தது. அதற்குமுன் எமது கறிக்கு உறைப்புக் கொடுத்தது மிளகு. அதனால்தான் புதிதாக வந்த காய்க்கு மிளகாய் என்று பெயர் வைத்தார்கள்.