விடை தெரியாத காலத்தின் ஆர்க்கிட் இதழ்கள்

ஆர்க்கிட் வளர்ப்பைக் கற்றுக்கொள்ள இன்று நல்ல கையேடுகள் நிறைய உண்டு. இருந்தாலும், இந்தச் செடிகளை ஆழமாக அறிய விரும்புகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது நூறாண்டு பழைய இதழ்களைத்தான். கையேட்டில் முடிவு மட்டுமே இருக்கும். அந்த முடிவுக்கு வந்து சேரத் தோட்டக்காரர்கள் பட்ட பாடெல்லாம் இதழ்களில்தான் பதிவாகியிருக்கிறது.

இங்கிலாந்தில் 1841-ல் தொடங்கிய ‘கார்டனர்ஸ் கிரானிக்கிள்’ எல்லாத் தோட்டச் செடிகளையும் பற்றிப் பேசிய வார இதழ். ஆர்க்கிட்டுக்கும் அதில் தாராளமாக இடம் கிடைத்தது. கியூ தாவரவியல் பூங்காவில் பணியாற்றிய ராபர்ட் ஆலன் ரோல்ஃப், 1893 ஜனவரியில் ஆர்க்கிட்டுக்கென்றே ‘தி ஆர்க்கிட் ரிவ்யூ’ மாத இதழைத் தொடங்கினார். எந்த மாதம் எந்தச் செடிக்குத் தொட்டி மாற்றுவது, எப்போது தண்ணீரைக் குறைப்பது, கண்ணாடி வீட்டில் எவ்வளவு வெப்பம் வேண்டும் என்று பருவத்துக்கேற்ற வேலைகளை அது சொல்லிக்கொண்டே வந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது விதைகளைப் பற்றிய பக்கங்கள். முற்றிய ஆர்க்கிட் காய் வெடித்தால் உள்ளே இருப்பது வெளிறிய தூள். மூச்சுக்காற்று பட்டாலே பறந்துவிடும். ஒரே காயில் லட்சக்கணக்கில் விதைகள். ஆனால் நெல்லுக்கும் அவரைக்கும் தாய்ச்செடி கட்டிக் கொடுக்கிற கட்டுச்சோறு இந்த விதைகளுக்குக் கிடையாது. முளைக்கத் தேவையான சேமிப்பு உணவு இல்லாததால், தூவிய விதையில் பெரும்பகுதி அப்படியே மடிந்துபோகும்.

வீச் நர்சரியில் ஜான் டொமினி உருவாக்கிய முதல் கலப்பின ஆர்க்கிட் 1856-லேயே பூத்துவிட்டது. அதன் பிறகும் பல பத்தாண்டுகள் நாற்று என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்த விஷயமாகவே இருந்தது. அனுபவத்தில் கண்ட ஒரே வழி, தாய்ச்செடி வளரும் தொட்டியிலேயே வேரைச் சுற்றியுள்ள பாசியின்மேல் விதையைத் தூவுவது. அது ஏன் பலிக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பிரான்சில் நோயல் பெர்னார் 1899-ல் காரணத்தைப் பிடித்தார்: நியோட்டியா என்ற ஆர்க்கிட்டின் முளைவிட்ட விதைகளுக்குள் பூஞ்சை இழைகள் இருந்தன. விதைக்கு உணவூட்டியது அந்தப் பூஞ்சைதான். தாய்ச்செடியின் வேரில் அது ஏற்கெனவே குடியிருந்தது! 1922-ல் அமெரிக்கரான லூயிஸ் நட்சன், சர்க்கரை கலந்த அகார் கூழ் நிரப்பிய குடுவைகளில் பூஞ்சையே இல்லாமல் விதைகளை முளைக்க வைத்துக் காட்டினார். இன்று கடைகளில் ஆர்க்கிட் மலிவாகக் கிடைப்பதற்கு அடித்தளம் போட்டவற்றில் அந்தக் குடுவைகளும் உண்டு. இதெல்லாம் தெரிந்தபின் 1890-களின் இதழைப் புரட்டினால், விடைக்கு அவ்வளவு பக்கத்தில் கைகள் துழாவுவது கண்ணுக்குத் தெரியும். வேறு எந்த வாசிப்பிலும் எனக்கு இந்தப் பரபரப்பு கிடைத்ததில்லை.

சின்னக் குறிப்புகளையும் தாண்டிப் போய்விடக் கூடாது. 1893 ஜூன் 24 தேதியிட்ட ‘கார்டனர்ஸ் கிரானிக்கிள்’ இதழில், சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் ஹென்றி ரிட்லி வாண்டா வகையில் ஒரு புதிய ஆர்க்கிட்டை அறிமுகம் செய்தார். ஆக்னஸ் ஜோக்கிம் என்ற ஆர்மீனியப் பெண்ணின் சிங்கப்பூர்த் தோட்டத்தில் பூத்த கலப்பினம் அது. 1981-ல் ‘வாண்டா மிஸ் ஜோக்கிம்’ சிங்கப்பூரின் தேசிய மலரானது.

மனம் கனக்கிற பக்கங்களும் உண்டு. காட்டிலிருந்து வந்திறங்கிய செடிகளின் ஏல விளம்பரங்களைப் படிக்கும்போது அவை எப்படி வந்தன என்பதை மறக்க முடியாது. ஆல்பர்ட் மில்லிக்கன் என்ற சேகரிப்பாளர் 1891-ல் வெளியிட்ட பயண நூலில், கொலம்பியாவில் சுமார் 10,000 ஆர்க்கிட் செடிகளை எடுக்க ஏறத்தாழ 4,000 மரங்களை வெட்டியதாக அவரே எழுதுகிறார். மரத்தோடு சேர்த்துக் காட்டின் நிழலும் போனது. விளம்பரத்தில் செடிகளின் தரத்தைப் பற்றித்தான் பேச்சு.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: பெயர்கள் மாறிவிட்டன. அன்று சைப்ரிபீடியம் என்று அச்சான ஆசியச் செடிகளில் பல இன்று பாஃபியோபெடிலம். மருந்துக் குறிப்புகளைப் பின்பற்றவே கூடாது. அந்தக் காலத்தில் பூச்சிக்கு நிகோடின் புகை போடுவார்கள், அது மனிதருக்கும் நஞ்சு. பழைய தொகுதிகள் பல இணைய நூலகங்களில் இலவசமாகவே கிடைக்கின்றன. ‘தி ஆர்க்கிட் ரிவ்யூ’வின் 1893 முதல் தொகுதியைப் படித்துவிட்டு நேரே 1920-களுக்குத் தாவுங்கள். விதை விஷயத்தில் பேச்சு எவ்வளவு மாறியிருக்கிறது என்பது அப்போதுதான் உறைக்கும்.