கத்தியின்றிக் கல்லுடைக்கும் அலை

“ஷாக் வைத்துக் கல்லை உடைத்துவிடலாம்” என்று மருத்துவர் சொன்னதும் என் தாயார் கலங்கிப் போனார். சென்ற ஆண்டு, என் அண்ணனுடைய வலது சிறுநீரகத்தில் 9 மில்லிமீட்டர் அளவுள்ள கல் ஒன்று இருப்பது தெரியவந்தபோது நடந்தது இது. “உடம்பிலே கரண்டைப் பாய்ச்சுவார்களா? நீ பிசிக்ஸ் வாத்தியார்தானே, கேட்டுச் சொல்லுடா” என்றார்.

அவருடைய அச்சத்திற்குக் காரணம் உண்டு. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் பெரியப்பாவுக்கும் இதே தொல்லை வந்தது. விலாவுக்குக் கீழே ஒரு சாண் நீளம் கீறித்தான் கல்லை எடுக்க வேண்டும் என்றார்கள். கத்திக்குப் பயந்து அவர் நாளைக் கடத்தினார். கல் சிறுநீரின் வழியை அடைத்துக்கொண்டே இருந்ததால், அந்தச் சிறுநீரகம் வீங்கிச் செயலிழந்தே போயிற்று.

மாணவர்களே, மருத்துவர் சொன்ன ‘ஷாக்’ மின்னதிர்ச்சி அன்று, அதிர்ச்சி அலை. அதாவது, மிகக் குறுகிய நேரத்தில் அழுத்தம் திடீரென உயரும் ஒருவகை ஒலியலை. உடலைக் கீறாமல் அது உள்ளே உள்ள கல்லை எப்படி உடைக்கிறது? இதை விளக்க உங்கள் பள்ளிப் பாடங்களே போதும்.

முதலில் கல்லைப் பார்ப்போம். சிறுநீரில் பல உப்புகள் கரைந்துள்ளன. நீர் குறைந்து கரைசல் செறிவு மிகும்போது அவை படிகமாகின்றன. பெரும்பாலான கற்கள் கால்சியம் ஆக்சலேட் என்னும் உப்பால் ஆனவை. சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்குச் செல்லும் குழாயின் நீளம் சுமார் 25 சென்டிமீட்டர். உள்விட்டமோ சில மில்லிமீட்டரே. 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த கற்கள் பெரும்பாலும் தாமாகவே வெளியேறிவிடும். பெரிய கல் குழாயில் சிக்கினால், வலியால் துடிக்க நேரிடும்.

அதிர்ச்சி அலையின் கதை மருத்துவமனையில் தொடங்கவில்லை. விமானத் தொழிற்சாலையில் தொடங்கியது. ஒலியைவிட விரைவாகப் பறக்கும் விமானத்தின்மீது ஒரு மழைத்துளி மோதினால்கூட உலோகத்தில் அதிர்ச்சி அலை எழும். அது சேதம் விளைவிக்கும். ஜெர்மனியின் டோர்னியர் நிறுவனத்தார் இதை ஆராய்ந்தார்கள். இத்தகைய அலை உடலின் மென்மையான தசையைக் கடந்து சென்று, உள்ளேயுள்ள கடினமான பொருளை மட்டும் உடைக்குமா என்ற கேள்வி பின்னர் எழுந்தது. மியூனிக் நகரில் கிறிஸ்டியன் ஷௌசி முதலிய மருத்துவர்கள் அவர்களுடன் சேர்ந்து, 1970களில் விலங்குகளில் சோதனை செய்தனர். 1980 பிப்ரவரி 7 அன்று முதல் நோயாளிக்கு இம்முறையில் சிகிச்சை அளிக்கப்பட்டது.

அந்தக் கருவியில் நோயாளியை ஒரு பெரிய தொட்டி நீரில் இருத்தினார்கள். தொட்டியின் அடியில் நீள்வட்ட வடிவமுள்ள உலோகக் கிண்ணம் ஒன்று இருந்தது. நீள்வட்டம் வரைய இரண்டு குண்டூசிகளைக் குத்தி, தளர்வான நூலை அவற்றில் கட்டி, பென்சிலால் நூலை இழுத்துப் பிடித்துச் சுற்றுவோம் அல்லவா? அந்த ஊசிகள் இருக்கும் இடங்களே இரு குவியங்கள். ஒரு குவியத்தில் புறப்படும் அலை, சுவரில் எங்கே பட்டாலும் எதிரொலித்து மற்றக் குவியத்திற்கே வந்து சேரும். நூலின் நீளம் மாறாததால் எல்லா அலைகளும் கடக்கும் தூரம் ஒன்றே. எனவே அவை ஒரே கணத்தில் வந்து சேரும். கிண்ணத்தினுள் இருக்கும் முதற் குவியத்தில் மின்பொறியை உண்டாக்கினார்கள். வெளியே இருக்கும் இரண்டாம் குவியத்தில் கல் அமையும்படி, எக்ஸ் கதிர்ப் படத்தைப் பார்த்து நோயாளியை நகர்த்தி வைத்தார்கள். மின்பொறி நீரில்தான் பாய்கிறது. நோயாளியை அடைவது அலை மட்டுமே.

நீர் எதற்கு என்று கேட்கிறீர்களா? ஓர் ஊடகத்தின் அடர்த்தியை அதில் ஒலி செல்லும் வேகத்தால் பெருக்கிவரும் மதிப்பை ஒலித்தடை எனலாம். இரு ஊடகங்களின் ஒலித்தடைகள் நெருக்கமாக இருந்தால், அலை எல்லையைத் தடையின்றிக் கடக்கும். வேறுபாடு மிகுந்தால் எதிரொலிக்கும். நீரின் ஒலித்தடை எஸ்.ஐ. அலகில் சுமார் 15 இலட்சம். தசைக்குச் சுமார் 16 இலட்சம். ஆகவே அலை முழுவதும் உடலுக்குள் நுழைந்துவிடும். காற்றுக்கோ சுமார் 400தான். இடையில் காற்று இருந்தால், ஏறக்குறைய அலை முழுவதுமே திரும்பிவிடும். இன்றைய கருவிகளில் தொட்டி இல்லை. நீர் நிரம்பிய மெத்தை போன்ற பை ஒன்றை உடலோடு ஒட்டவைத்து, இடையில் காற்றுக் குமிழி இல்லாதபடி களிம்பு தடவுகிறார்கள்.

குவியத்தில் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் பல நூறு மடங்கு உயரும். ஆனால் அது நீடிப்பது ஒரு மைக்ரோ வினாடி அளவே. கல்லின் ஒலித்தடை தசையினுடையதைப் போலப் பல மடங்கு என்பதால், அலையின் ஒரு பகுதி கல்லின் முன்பக்கத்தை அமுக்கித் திரும்புகிறது. மறு பகுதி உள்ளே புகுகிறது.

இங்கேதான் விந்தை நிகழ்கிறது. கோலிக்குண்டுகளை ஒட்டி ஒட்டி வரிசையாக வைத்து, ஒரு முனையில் சுண்டிப் பாருங்கள். நடுவில் இருப்பவை அசையா. மறுமுனையில் உள்ள குண்டு மட்டும் தெறித்து ஓடும். அதைப் பசையால் ஒட்டியிருந்தால், அது ஓட முயன்று பசையை இழுக்கும் அல்லவா? அதைப் போலவே, கல்லின் பின்பக்கத்தை அடையும் அமுக்க அலை, அங்கே எதிரொலித்து இழுக்கும் அலையாக மாறுகிறது. கல் அமுக்கத்தைத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. கான்கிரீட்டும் அப்படித்தான், அதனால்தானே அதற்குள் இரும்புக் கம்பி வைக்கிறோம்! கல்லில் விரிசல் விழுகிறது. அலையைத் தொடர்ந்து நீர்மத்தில் தோன்றும் நுண்குமிழிகளும் வெடித்தழிந்து கல்லை அரிக்கின்றன.

ஓர் அடியில் கல் உடைந்துவிடாது. நிமிடத்திற்கு 60 வீதம் 3,000 அலைகள் செலுத்தினால் 50 நிமிடம் ஆகும். பொடியான கல் அடுத்துவரும் நாட்களில் சிறுநீரோடு வெளியேறும்.

இம்முறை எல்லாருக்கும் ஏற்றதன்று. கர்ப்பிணிகளுக்கும் இரத்தம் எளிதில் உறையாதவர்களுக்கும் இதைச் செய்வதில்லை. சிறுநீரகத்தில் 2 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கல் என்றால், முதுகுப்புறம் ஒரு சென்டிமீட்டர் அளவில் சிறு துளையிட்டு, குழாய்க் கருவி வழியாக உடைத்து எடுப்பார்கள். 1976இல் சுவீடன் நாட்டு மருத்துவர்கள் ஃபெர்ன்ஸ்ட்ரோமும் யோஹான்சனும் இம்முறையை வெளியிட்டனர். கத்தியே படாமல், சிறுநீர் வரும் வழியாகவே மெல்லிய நோக்கியைச் செலுத்தி, ஹோல்மியம் லேசரால் கல்லைத் துகளாக்கும் முறையும் இன்று பரவலாக உள்ளது. எது தக்கது என்பதைக் கல்லின் அளவு, இடம், கடினம் ஆகியவற்றைக் கொண்டு மருத்துவர் முடிவு செய்வார்.

வந்தபின் உடைப்பதைவிட வராமல் காப்பதே நன்று. ஒருமுறை கல் வந்தவர்கள், நாளொன்றுக்குக் குறைந்தது 2 லிட்டருக்கு மேல் சிறுநீர் கழியும் அளவுக்கு நீர் அருந்த வேண்டும் என்பது மருத்துவர்கள் கூறும் விதி. பள்ளியில் கழிவறைக்குப் போகத் தயங்கி நீரே குடிக்காமல் இருக்கும் மாணவ மாணவியர் இதை நினைவில் கொள்ளுங்கள்.

அண்ணன் சிகிச்சை முடிந்த அன்று மாலையே வீடு திரும்பினார். மருத்துவர் சொன்னபடி சிறுநீரை வடிகட்டி, வெளிவந்த துகள்களைச் சோதனைக்குக் கொடுப்பதற்காகச் சிறு புட்டியில் சேர்த்தார். அதைக் கையில் வாங்கிப் பார்த்த அம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “அவருக்கும் யாராவது இப்படி எடுத்துச் சொல்லியிருக்கலாம்” என்றார். பெரியப்பா நாளைக் கடத்திய காலத்திலேயே மியூனிக் நகரில் இந்தக் கருவி இயங்கிக்கொண்டுதான் இருந்தது. எங்கள் ஊருக்கு அந்தச் செய்திதான் வந்து சேரவில்லை.