சிற்றுருப் பாரந்தூக்கியும் அதன் கயிறும்



புதுவைக் கடற்கரையை ஒட்டி வடக்கே சென்றால் மீனவர் வாழும் குருசுக்குப்பத்தை அடையலாம். வலைக்குரிய ஈயக்குண்டும் பின்னல் நைலான் கயிறும் அங்கே மீன்பிடி தொழிலுக்கு உரிய பொருள்கள். அவ்விரண்டையும் நான் வேறொரு வேலைக்கு வாங்குவது வழக்கம். கட்டடம் எழுப்புவோர் ‘கிரேன்’ என்று வழங்கும் பாரந்தூக்கியின் சிற்றுருவங்களைத் திருத்தி, அவற்றுக்குக் கயிறு பூட்டுவதே அவ்வேலை.

இதைக் குழந்தை விளையாட்டு என்று எண்ண வேண்டா. லிவர்பூல் நகரத்து பிராங்க் ஹார்ன்பி தம் புதல்வர்களுக்குப் பொம்மைப் பாரந்தூக்கி செய்ய முனைந்தபோதுதான், துளையிட்ட தகடுகளைத் திருகாணியால் இணைக்கும் முறை அவருக்குத் தோன்றிற்று. 1901இல் அவர் காப்புரிமை பெற்ற அம்முறையே பின்னர் ‘மெக்கானோ’ என்று உலகெங்கும் பரவியது. இன்று கடைகளில் கிடைக்கும் உலோகச் சிற்றுருவங்கள் பெரும்பாலும் ஐம்பதில் ஒரு பங்கு அளவுள்ளவை. அவை கண்ணுக்கு அழகாக இருக்கும்; ஆனால் கயிறு தொய்ந்து, கொக்கி ஒருபுறம் சாய்ந்து நிற்கும். ஏன்?

நீளம் ஐம்பதில் ஒன்றாகக் குறைந்தால், கயிற்றின் வெட்டுமுகப் பரப்பு 2,500இல் ஒன்றாகும். எடையோ 1,25,000இல் ஒன்றாகிவிடும். ஐம்பது டன் எடையுள்ள பாரந்தூக்கி 400 கிராமாகிறது. அதன் 500 கிலோ கொக்கிக்கட்டை வெறும் 4 கிராம். 25 மில்லிமீட்டர் எஃகுக் கயிற்றுக்கு ஈடாக நாம் கோக்கும் நூல் அரை மில்லிமீட்டர். நூலின் விறைப்பும் கப்பிகளின் உராய்வும் அந்த 4 கிராமுக்கு அடங்குவதில்லை. எனவேதான் கொக்கிக்கட்டைக்குள் ஈயத்துண்டு ஒன்றை மறைத்து வைக்கிறோம். தையல்நூல் பூவிடும், ஒற்றையிழைத் தூண்டில் நரம்போ சுருளின் நினைவை விடாது. பின்னல் கயிறே கப்பியில் படிந்து ஓடும்.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்கும். சிற்றுரு வலிமையைப் பற்றிப் பொய் சொல்லும். சமநிலையைப் பற்றிப் பொய் சொல்லாது. எடை 1,25,000 மடங்கு குறைய, பரப்பு 2,500 மடங்கே குறைவதால், ஒரே பொருளாற் செய்த சிற்றுரு தன் எடையைத் தாங்குவதில் அசலைவிட ஐம்பது மடங்கு வலியது. அசல் முறியும் இடத்தில் சிற்றுரு அசையாமல் நிற்கும். உருவம் பெருகப் பெருக வலிமை பின்தங்கும் என்பதை கலிலியோ 1638இலேயே தம் நூலில் விளக்கினார். ஆனால் கவிழ்தல் வேறு. பளுவின் எடையைத் தூரத்தாற் பெருக்கி ஒருபுறமும், எதிர்ப்பாரத்தின் எடையைத் தூரத்தாற் பெருக்கி மறுபுறமும் வைத்தால், இருபுறமும் ஒரே விகிதத்தில் சுருங்குகின்றன. பாகங்களின் எடை அசலின் விகிதப்படி இருக்குமானால், அசல் கவிழும் பளுவின் 1,25,000இல் ஒரு பங்கிலேயே சிற்றுருவும் கவிழும். கடைச் சிற்றுருவங்களில் அவ்விகிதம் அரிது. எதிர்ப்பாரப் பெட்டியைத் திறந்து, தராசில் நிறுத்த ஈயக்குண்டுகளை இடுவது இதற்காகத்தான்.

சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்களைக் கட்ட, ‘டைட்டன்’ என்னும் பெரும் பாரந்தூக்கிகள் இரண்டு காங்கிரீட் பாளங்களைக் கடலில் அடுக்கின. அவ்வகைப் பொறியில் நீண்ட கை ஒருபுறம் கடல்மேல் நீளும். இயந்திரம் மறுபுறத்தில் எதிர்ப்பாரமாக அமரும். கணக்குப்படி நின்ற அவ்விரண்டையும் 1881 நவம்பரில் வீசிய புயல் சுவரோடு வாரிக்கொண்டு போயிற்று. அலையின் அடி எவ்வளவு என்பதை மேசைமேல் நிற்கும் சிற்றுரு யாருக்கும் கூறியிராது.

இனிக் கயிறு கோக்கும் முறை. கொக்கிக்கட்டையைத் தாங்கும் கயிற்று வரிகள் எத்தனையோ, உராய்வை நீக்கிப் பார்த்தால், இழுவிசை பளுவில் அத்தனையில் ஒரு பங்கு. நான்கு வரிகளாயின் கால்பங்கு விசை போதும்; ஆனால் கொக்கி ஒரு சாண் உயர நான்கு சாண் கயிறு சுற்ற வேண்டும். வரிகள் இரட்டைப்படையாயின் கயிற்றின் முனையைக் கையின் உச்சியிலும், ஒற்றைப்படையாயின் கொக்கிக்கட்டையிலும் கட்டுதல் வேண்டும். இதை மாற்றிக் கட்டிய சிற்றுருக்களைக் கண்காட்சிகளிலும் கண்டிருக்கிறேன்! கொக்கி தரையைத் தொடும்போதும் உருளையில் இரண்டு மூன்று சுற்றுகள் எஞ்சியிருத்தல் வேண்டும். அசற்பொறியிலும் கயிற்றைப் பெரும்பாலும் பிடித்து நிறுத்துவது அச்சுற்றுகளின் உராய்வே. முனையிலுள்ள பிடிப்பான் அன்று.

எல்லாம் பூட்டியபின் கொக்கியை மெல்ல ஆட்டிப் பாருங்கள். அசலில் 25 மீட்டர் தொங்கும் கொக்கி ஒருமுறை சென்று மீளப் பத்து விநாடி ஆகும். அரை மீட்டர் தொங்கும் நம் கொக்கி ஒன்றரை விநாடிக்குள் மீண்டுவிடும். கயிற்றை எவ்வளவு நேர்த்தியாகக் கோத்தாலும் இந்த அவசரத்தை மட்டும் சிற்றுருவால் மறைக்க முடிவதில்லை.