கடலைக் காய் தானே தேடும் உணவு

செடி செழித்து நின்றும், பிடுங்கிப் பார்க்கையில் காய்களிற் பாதி பொக்காய்ப் போயிற்று என்று நிலக்கடலை பயிரிடும் அங்கத்தினர் பலர் முறையிடுவதை நாம் கேட்டு வருகிறோம். விதையின் மீதும் மழையின் மீதும் பழி சுமத்தப்படுகிறது. அவை காரணமாதலும் உண்டு. ஆயினும் செம்மண், மணற்சாரி நிலங்களில் முதற்கண் ஐயுற வேண்டுவது சுண்ணாம்புச் சத்தின் குறைவையே.

நிலக்கடலையின் இயல்பு தனிப்பட்டது. மஞ்சட் பூ கருவுற்றபின் விழுது நீண்டு மண்ணுள் இறங்கி, அங்கே காயாகப் பருக்கிறது. வேர் உறிஞ்சும் சுண்ணாம்புச் சத்தோ நீருடன் மேலேறி இலையிலேயே தங்கிவிடுகிறது. அங்கிருந்து கீழிறங்கிக் காயை அடைவது மிகச் சொற்பம். ஆகவே காய் தனக்கு வேண்டிய சுண்ணாம்பைத் தன்னைச் சூழ்ந்துள்ள மண்ணிலிருந்து தன் தோலின் வழியே தானே உறிஞ்சியாக வேண்டும். இலை பசுமையாயிருக்க, அதன் கீழே காய் பருப்பின்றிக் கிடப்பது இதனாலேயாம். இலையைப் பார்த்து உரமிடும் வழக்கம் இப்பயிரில் நம்மை ஏமாற்றிவிடுகிறது. நெசவாளர் அன்பர்கள் இதை எளிதில் உணர்வர்: பாவு எத்துணை நீளம் ஓடினும் ஊடை நூல் இல்லையேல் துணியில்லை.

இதற்குரிய மருந்து ஜிப்சம். ஹெக்டேருக்கு 400 கிலோ, அதாவது ஏக்கருக்கு ஏறக்குறைய 160 கிலோ இடுமாறு தமிழ்நாட்டில் பரிந்துரைக்கப்படுகிறது. இறவைப் பயிருக்கு விதைத்த 40 முதல் 45 நாளுக்குள், விழுது இறங்கும் தறுவாயில், களையெடுத்துச் செடியின் ஓரமாய்த் தூவி மண் அணைத்தல் வேண்டும். காய் இருப்பது மேல்மண்ணின் இரண்டு மூன்று அங்குலத்திலேயே. ஜிப்சம் அங்கே கரைந்திருத்தல் அவசியம். ஆதலின் மானாவாரி நிலத்தார் மண்ணின் ஈரத்தை அனுசரித்தே இடுதல் நலம். விழுதுகள் இறங்கியபின் கொத்துவது கூடாது, அவை அறுந்துவிடும். சாம்பற்சத்து இன்றியமையாததே. ஆனால் அதைக் காயிருக்கும் இடத்தில் மிகையாகக் குவித்தால், சுண்ணாம்பைக் காய் ஏற்பதற்கு அது தடையாகும்.

ஜிப்சத்தில் கந்தகமும் உண்டு. பருப்பில் எண்ணெயும் புரதமும் உருவாவதற்குக் கந்தகம் தேவை. முன்னாட்களில் மணிச்சத்துக்காக சூப்பர் பாஸ்பேட் இட்டவர், அறிந்தோ அறியாமலோ சுண்ணாம்பையும் கந்தகத்தையும் உடன் இட்டனர். இப்போது டி.ஏ.பி. மூட்டையை நாடுவோர் மிகுதி. அதில் 18 பங்கு தழைச்சத்தும் 46 பங்கு மணிச்சத்தும் உள்ளன. கணக்கிற் கொள்ளத்தக்க சுண்ணாம்போ கந்தகமோ இல்லை. அது நல்ல உரமே. எனினும் அதனை இடுவோர் ஜிப்சத்தைக் கைவிடுதல் தகாது.

பொக்குக் காய் மூட்டையை நிரப்பும். ஆனால் உடைத்தால் பருப்புத் தேறாது. விலை பருப்பைப் பொறுத்தது. பயிர்க்கடனோ முழுமையாக நிற்கும்.

ஜிப்சம் கனத்த சரக்கு. ஒருவர் இரண்டு மூட்டைக்கு வண்டி பிடித்தால் கூலியே மிஞ்சும். எனவே விதைப்புக்கு முன்னரே அங்கத்தினர் தத்தம் தேவையைச் சங்கத்தில் பதிந்து, லாரிச் சுமையாகத் தருவித்துப் பங்கிட்டுக் கொள்வதே உசிதம் என்பது நமது கருத்து.

விதைக்கென ஒதுக்கும் வயலை இதில் முதலாவதாகக் கவனிக்குமாறு வேண்டுகிறோம். சுண்ணாம்பு குன்றிய மண்ணில் விளைந்த பருப்பு பார்வைக்குத் திரட்சியாயிருப்பினும், முளைக்குருத்து கருத்து, முளைப்புத்திறன் குன்றும். அத்தகைய விதையின் குறை மறு பட்டத்தில், வயலிற் காணும் வெற்றிடங்களிலேயே வெளிப்படும்.