தெர்மாமீட்டர் திறந்துவிட்ட வழக்குகள்

குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாக ஒரு பெண் பெற்ற தண்டனையை அமெரிக்காவின் நியூஜெர்சி மாநில உச்ச நீதிமன்றம் 2018 நவம்பரில் ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பைக் கேட்க அவர் உயிரோடு இல்லை. அதே ஆண்டின் முற்பகுதியிலேயே காலமாகிவிட்டார். ஆனாலும் நீதிபதிகள் கோப்பை மூடவில்லை. காரணம், அவருடையதோடு சேர்த்து 20,667 மூச்சு மாதிரிகள் சந்தேகத்துக்குள் வந்திருந்தன.

எல்லாம் ஒரு தெர்மாமீட்டரால் வந்தது. அங்கே போலீஸார் பயன்படுத்திய ‘ஆல்கோடெஸ்ட் 7110’ மூச்சுப் பரிசோதனைக் கருவியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை சரிபார்ப்பார்கள். அளவு தெரிந்த ஆல்கஹால் கரைசலை 34 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, அதன் ஆவியைக் கருவிக்குள் செலுத்துவார்கள். சூடு கொஞ்சம் குறைந்தாலும் ஆவியில் ஆல்கஹால் குறையும். அதையே சரியான அளவென்று கருவி எடுத்துக்கொண்டால், பிறகு ஊதுகிறவர்களுக்குக் கூடுதலாகக் காட்டும். அதனால்தான் தேசியத் தர நிறுவனத்தின் அளவோடு ஒப்பிட்டுச் சான்றளித்த தனி தெர்மாமீட்டரால் கரைசலின் சூட்டைப் பார்த்துவிட வேண்டும் என்பது விதி. ஐந்து மாவட்டக் கருவிகளைக் கவனித்துவந்த போலீஸ் சார்ஜன்ட் ஒருவர் இதைச் செய்யாமலே செய்ததாகச் சான்றளித்தார் என்று 2016-ல் குற்றச்சாட்டு எழுந்தது.

கருவி தப்பாகக் காட்டியது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. சரியாகக் காட்டியது என்பதை அரசுத் தரப்பால் நிரூபிக்க முடியவில்லை என்றுதான் சொன்னது.

மாசசூசெட்ஸில் கதை இன்னும் மோசம். ‘ஆல்கோடெஸ்ட் 9510’ கருவிகளைச் சரிபார்த்த அரசு அலுவலகம், சோதனையில் கருவிகள் தேறாமல்போன நானூறுக்கும் மேற்பட்ட பதிவுத்தாள்களைப் பிரதிவாதிகளுக்குத் தராமல் மறைத்திருந்தது. அதன் தலைவர் 2017-ல் வேலையிழந்தார். 2011 ஜூன் முதல் 2019 ஏப்ரல் வரை சான்றளிக்கப்பட்ட கருவிகளில் ஊதித் தண்டனை பெற்றவர்கள் புதிய விசாரணை கோரலாம் என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 2023-ல் தீர்ப்பளித்தது. சுமார் 27,000 பேருக்கு வழி திறந்தது.

வழி திறந்ததே தவிர, தண்டனை தானாக நீங்கிவிடவில்லை. ஒவ்வொருவரும் மனுப் போட வேண்டும். குற்றத்தை ஒப்புக்கொண்டவர் என்றால், கருவி காட்டிய எண் மட்டும் இல்லாதிருந்தால் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன் என்று நீதிபதியை நம்பவைக்க வேண்டும். வண்டி தாறுமாறாக ஓடியது, இறங்கியவர் தள்ளாடினார், சாராய வாடை அடித்தது என்று அன்றைய போலீஸ்காரர் எழுதிவைத்திருந்தால் அது சுலபமில்லை. புதிய விசாரணையில் மூச்சுப் பரிசோதனை முடிவைக் காட்டக்கூடாதுதான்; போலீஸ்காரரின் சாட்சியத்துக்குத் தடை கிடையாது.

பழைய வழக்கை இத்தனை பாடுபட்டு ஏன் கிளற வேண்டும்? மாசசூசெட்ஸில் முதன்முறை சிக்குபவர்களுக்கு வக்கீல்கள் ‘24டி’ என்று சொல்லும் ஏற்பாடு ஒன்று உண்டு. கண்காணிப்பு, குடி பற்றிய வகுப்புகள், 45 முதல் 90 நாள் லைசென்ஸ் முடக்கம். இத்தோடு போயிற்று என்று பலரும் தலையாட்டிவிடுவார்கள். ஆனால் அதுவும் முதல் குற்றமாகவே பதிவில் நிற்கும். அதற்குக் காலாவதியும் இல்லை. இருபது வருடம் கழித்து மறுபடி பிடிபட்டாலும் அது இரண்டாவது குற்றம்தான். மூன்றாவது என்றால் சட்டம் அதைப் பெருங்குற்றப் பட்டியலில் சேர்த்துவிடும்.