ஹோட்டல் அறைக்குச் சொந்தக்காரன்

சென்ற மாதம் ஒரு நாள் லுஹருக்குப் பிறகு, கெய்சர் வீதியில் புடைவை வியாபாரம் செய்யும் ஹாஜியார் ஒருவர் என் கடைக்கு வந்தார். கையில் வழவழப்பான வண்ணப் புத்தகம். கடற்கரை, நீச்சல் தடாகம், வெள்ளை விரிப்புப் போட்ட கட்டில்.

"தம்பி, இதைக் கொஞ்சம் பாருங்க. ஹோட்டல்ல ஒரு ரூமை நம்ம பேருக்கே உறுதி எழுதித் தாராங்களாம். அவங்களே வாடகைக்கு விட்டு மாசாமாசம் சல்லி அனுப்புவாங்களாம். வட்டியும் இல்ல, வாடகைதானே!"

"ஹாஜியார், இதே மாதிரிப் புத்தகம் ஒண்டு என் வீட்டு அலுமாரியிலயும் கிடக்கு" என்றேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அன்று அவருக்குச் சொன்னதைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன். இதே புத்தகம் இன்னும் பல கடைகளுக்குப் போயிருக்கும் என்று கேள்வி.

இதற்குக் கொண்டோ ஹோட்டல் என்று பெயர். கட்டடத்தைக் கட்டுபவர் ஹோட்டல் அறைகளைத் தனித்தனி மாடிவீடுகளாகப் பிரித்து விற்கிறார். வாங்குபவருக்கு உறுதி கிடைக்கிறது. ஆனால் அறை அவர் கைக்கு வருவதில்லை. ஒரு முகாமைத்துவக் கம்பனி அதை ஹோட்டல் அறையாக நாள் வாடகைக்கு விட்டு, செலவு போக மிஞ்சுவதில் பங்கு தருகிறது. ஹவாயிலும் புளோரிடாவிலும் பல காலமாக நடக்கும் வியாபாரம். டுபாயிலும் வியட்நாமிலும் பின்னர் பெரிதாகப் பரவியது.

நானும் என் மச்சானும் 2016 கடைசியில் பாதிப் பாதி போட்டு, மேற்குக் கரையோரத்தில் ஒரு கோடியே எண்பது இலட்சத்துக்கு ஓர் அறை வாங்கினோம். மச்சானுடைய பங்கு அவர் மத்திய கிழக்கில் பதினாறு வருடம் உழைத்த சல்லி. என்னுடையது கடைக்கு மேல் மாடி கட்ட ஒதுக்கியிருந்தது. ஒப்பந்தத்தில் முதல் மூன்று வருடத்துக்கு வருடம் 8 சதவீதம் உத்தரவாதம். அதாவது 14 இலட்சத்து 40 ஆயிரம். 2017 ஏப்ரல் முதல் மூன்று மாதத்துக்கு ஒரு முறை செக் வந்தது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். நானும் இரண்டு நண்பர்களிடம் பெருமையாகச் சொன்னேன். அல்லாஹ்வின் அருளால் அவர்கள் வாங்கவில்லை.

பிறகு ஒரு நாள்தான் எனக்கு ஒரு கணக்கு உறைத்தது. நாங்கள் வாங்கிய காலத்தில் அதே வீதியில், ஏறக்குறைய அதே சதுர அடியில், ஹோட்டல் இல்லாத சாதாரண மாடிவீடு ஒரு கோடியே நாற்பது இலட்சத்துக்கு விற்றிருக்கிறது. நாங்கள் கூடக் கொடுத்தது 40 இலட்சம். மூன்று வருட உத்தரவாதத்தில் எங்களுக்கு வந்தது 43 இலட்சத்து 20 ஆயிரம். எங்கள் சல்லியை எங்களுக்கே தவணை முறையில் திருப்பித் தந்துவிட்டு அதற்கு வருமானம் என்று பெயர் வைத்திருந்தார்கள். விலையைக் கூட்டி வைத்துக் கழிவு கொடுக்கும் வித்தை நமக்குத் தெரியாததா? நாமும் பெருநாள் சீசனில் செய்வதுதானே. ஆனால் நாமே வாடிக்கையாளராக நிற்கும்போது கண் தெரிவதில்லை.

2019 ஏப்ரல் குண்டுவெடிப்புக்குப் பிறகு செக்குகள் பிந்தின. 2020 மார்ச்சில் எங்கள் உத்தரவாதம் முடிந்தது. அதே மாதம்தான் கட்டுநாயக்க விமான நிலையம் வெளிநாட்டுப் பயணிகளுக்கு மூடப்பட்டது. 2018இல் 23 இலட்சத்துக்கு மேல் உல்லாசப் பயணிகள் வந்த நாட்டுக்கு 2021இல் வந்தவர்கள் இரண்டு இலட்சம் கூட இல்லை. அறைக்கு ஆள் இல்லை, சரி, அது யாருடைய குற்றமும் இல்லை. ஆனால் எங்களுக்குப் பில் வந்தது. மின்தூக்கி, ஜெனரேட்டர், காவலாளி, நீச்சல் தடாகம், கட்டடக் காப்புறுதி எல்லாவற்றுக்கும் சொந்தக்காரர்கள் பங்கு கட்ட வேண்டும். கடையையே மூடி வைத்திருந்த நாட்களில், யாரும் தங்காத ஓர் அறைக்கு மாதம் 25 ஆயிரம் கட்டினோம்.

அப்போதுதான் ஒப்பந்தத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை வாசித்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நூறு மீற்றர் துணி வந்தால் அளந்து பார்த்துக் கையெழுத்து வைக்கிற நான், நாற்பத்திரண்டு பக்க ஒப்பந்தத்தில் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டுவிட்டு, நான்கு வருடம் கழித்து வாசித்திருக்கிறேன்.

2024ஆம் ஆண்டுக் கணக்கை வைத்து ஹாஜியாருக்கு விளக்கினேன். அது நல்ல வருடம். நாட்டுக்கு 20 இலட்சத்துக்கு மேல் பயணிகள் திரும்பி வந்திருந்தார்கள். எங்கள் அறை 190 இரவுகள், இரவுக்குச் சராசரி 18 ஆயிரம் ரூபாவுக்குப் போயிருந்தது. மொத்தம் 34 இலட்சத்து 20 ஆயிரம். ஹாஜியாரின் முகம் மலர்ந்தது. "பொறுங்க" என்றேன்.

இணையத்தில் அறை பிடித்துக் கொடுக்கும் நிறுவனங்களின் தரகு 15 சதவீதம் போனது. முகாமைத்துவக் கட்டணம் 10 சதவீதம். அதுவும் மொத்த வரவில்தான். இலாபம் வந்தாலும் வராவிட்டாலும் அவர்களுக்கு அது உண்டு. துப்புரவு, சலவை, மின்சாரம், ஊழியர், காலை உணவு என்று 40 சதவீதம். கட்டில், மெத்தை, குளிரூட்டி பழுதானால் மாற்றுவதற்கென ஒதுக்கும் நிதி 4 சதவீதம். மிஞ்சியது 10 இலட்சத்து 60 ஆயிரம். இதில் எங்கள் பங்கு 60 சதவீதம், 6 இலட்சத்து 36 ஆயிரம். அதிலிருந்து கட்டடப் பராமரிப்புக்கு 3 இலட்சம், காப்புறுதியும் வரியும் 36 ஆயிரம். கைக்கு வந்தது 3 இலட்சம் ரூபா. போட்ட முதலுக்கு 2 சதவீதம் கூட இல்லை. அதையும் மச்சானோடு பாதியாகப் பிரிக்க வேண்டும்.

முதலின் கதையையும் பாருங்கள். நாங்கள் வாங்கியபோது டொலர் ஏறத்தாழ 150 ரூபா. 2024 முடிவில் 290ஐச் சுற்றி நின்றது. அன்று அறையின் விலை 1 இலட்சத்து 20 ஆயிரம் டொலர். 2024 முடிவில் அதே ஒரு கோடி எண்பதுக்கு விற்றிருந்தாலும் அதில் பாதியைச் சற்றுத்தான் தாண்டியிருக்கும். அந்த விலைக்கும் கேட்பார் இல்லை. காரணம் சுலபமானது. குடியிருக்க வீடு தேடுகிறவன் இதை வாங்க மாட்டான், ஏனென்றால் ஒப்பந்தம் அறையோடு சேர்ந்தே வரும், அவன் குடியிருக்க முடியாது. முதலீடு செய்கிறவன் வருமானக் கணக்கைக் கேட்பான். கட்டியவரிடமோ விற்காத அறைகள் இன்னும் இருக்கின்றன. அவர் புதிய உத்தரவாதத்தோடு விற்கிறார். உத்தரவாதம் முடிந்த நம் அறையை யார் பார்ப்பார்?

2023 டிசம்பரில் இலண்டனிலிருந்து மச்சானின் மகள் பிள்ளைகளோடு வந்தாள். "நம்ம சொந்த ரூம் இருக்கே" என்று மச்சான் ஆசையாக அழைத்துப் போனார். சொந்தக்காரருக்கு வருடத்தில் பதினான்கு நாள் உண்டு, ஆனால் டிசம்பர் முதல் மார்ச் வரை இல்லை என்று வரவேற்பு மேசையில் இருந்த பையன் மரியாதையாகச் சொன்னான். மச்சான் தன் பெயரில் உறுதி எழுதிய அறைக்கு மூன்று இரவுக்குக் காசு கட்டித் தங்கினார். அதற்குப் பிறகு இன்றுவரை அவர் அந்தப் பக்கம் போகவில்லை.

இந்த மாதிரி வியாபாரத்துக்கு ஒரு பழைய வழக்கு இருக்கிறது. அமெரிக்காவின் புளோரிடாவில் ஹோவி என்ற கம்பனி தன் ஆரஞ்சுத் தோட்டத்தைச் சிறு துண்டுகளாக விற்றது. வாங்கியவர்களில் பலர் அந்தக் கம்பனியின் ஹோட்டலுக்கு ஓய்வெடுக்க வந்த வெளியூர்க்காரர்கள், விவசாயம் தெரியாதவர்கள். காணிக்கு உறுதி கொடுத்தார்கள். கூடவே பத்து வருடப் பராமரிப்பு ஒப்பந்தம். தோட்டத்தைப் பார்ப்பதும் பழத்தை விற்பதும் கம்பனியின் வேலை. சொந்தக்காரருக்கு இலாபத்தில் பங்கு. 1946இல் அமெரிக்க உயர் நீதிமன்றம், இது காணி விற்பனை அல்ல, பிறர் உழைப்பில் இலாபம் எதிர்பார்த்துப் பணம் போடும் முதலீட்டு ஒப்பந்தம், பங்குச் சட்டங்கள் இதற்கும் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. 1973இல் அந்நாட்டுப் பங்குச் சந்தை ஆணைக்குழு, வாடகை வருமானத்தை முன்னிறுத்தி விற்கும் மாடிவீடுகளுக்கும் இதே அளவுகோலை வைத்தது. ஆரஞ்சுக்காரர்களுக்குப் பத்து வருடம். எங்களுக்குப் பதினைந்து.

"அப்ப உத்தரவாதம் எழுத்தில இருக்கே?" என்றார் ஹாஜியார். வியட்நாமின் டா நாங் நகரில் கோகோபே என்றொரு பெரிய திட்டம். வாங்கியவர்களுக்கு வருடம் 12 சதவீதம் என்று எழுத்தில்தான் கொடுத்திருந்தார்கள். 2019 நவம்பரில், அடுத்த ஜனவரி முதல் அதைக் கொடுக்க இயலாது என்று அறிவித்துவிட்டார்கள். அது கொரோனாவுக்கு முன்பு, ஹோட்டல்கள் ஓடிக்கொண்டிருந்த காலம். உத்தரவாதம் கொடுப்பவரின் கையில் என்ன இருக்கிறதோ, அவ்வளவுதான் உத்தரவாதம்.

வட்டி இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். அறையை ஒரு தொகைக்குக் குத்தகைக்குக் கொடுத்து நிலையான வாடகை வாங்குவது வேறு. இலாபத்தில் பங்கு என்று சொல்லிவிட்டு, இலாபம் வந்தாலும் வராவிட்டாலும் இத்தனை சதவீதம் என்று முகாமையாளர் பொறுப்பேற்பது வேறு. முழாரபாவில் அது செல்லாது என்பதை நாம் மத்ரஸாவில் ஓதாவிட்டாலும் கேட்டிருக்கிறோம். எல்லா வரவையும் ஒரே பானையில் போட்டுப் பிரிக்கும் ஹோட்டல் என்றால், அந்தப் பானையில் மதுச்சாலையின் வரவும் சேர்கிறதா என்று கேட்க வேண்டும். ஆலிமிடம் போகும்போது வண்ணப் புத்தகத்தை அல்ல, ஒப்பந்தத்தைக் கொண்டுபோக வேண்டும். புத்தகத்தைப் பார்த்து யாரும் ஃபத்வா சொல்ல முடியாது.

எல்லாக் கொண்டோ ஹோட்டலும் மோசம் என்று சொல்ல நான் வரவில்லை. நல்ல இடத்தில், வெளிப்படையான கணக்கோடு நடத்துபவரிடம் வாங்கி நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. என்னைப் போல் வாங்காதீர்கள் என்றுதான் ஹாஜியாரிடம் சொன்னேன். உறுதியை சட்டத்தரணி பார்ப்பார். கூட்டாதனத் திட்டம் பதிவாகியிருக்கிறதா, அடைமானம் இருக்கிறதா என்று அவர் தேடுவார். முகாமைத்துவ ஒப்பந்தத்தை நீங்கள் உங்கள் கணக்காளரோடு உட்கார்ந்து வாசியுங்கள். எந்தச் செலவு முதலில் கழிகிறது, எந்த வரவின் மீது சதவீதம் போடுகிறார்கள், ஏற்கெனவே ஓடும் அறை ஒன்றின் மூன்று வருடக் கணக்குக் கூற்றைக் காட்டுவார்களா, அறையை விற்றால் வாங்குபவர் ஒப்பந்தத்திலிருந்து விடுபடலாமா, சொந்தக்காரர் கூட்டத்தில் விற்காத அறைகளின் வாக்கு யாருக்கு? நம் கடையின் லாச்சியை இன்னொருவரிடம் கொடுப்பதென்றால் இவ்வளவையும் கேட்போம் அல்லவா?

ஹாஜியார் அங்கிருந்தே புத்தகத்தில் இருந்த இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்தார். ஒப்பந்தத்தின் பிரதி ஒன்று வேண்டும் என்றார். மறுபக்கத்தில் ஒரு பெண்பிள்ளை மிக இனிமையாக, முற்பணம் ஐந்து இலட்சம் கட்டிய பிறகு கைச்சாத்திடும் நாளில் தருவார்கள் என்றாள்.

"சரி மகள், முதல்ல பேப்பர அனுப்புங்க, வாசிச்சிட்டு எடுக்கிறேன்" என்று வைத்துவிட்டார். மூன்று வாரம் ஆகிறது. பேப்பர் இன்னும் வரவில்லை.